தெருவாசலில் கூறிய ஏலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பயம் என்று சொல்ல முடியாது. இதில் வருகிற செல்வராசு அண்ணாச்சி இன்றைக்கும் எங்கள் ஊர் காளியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு முன்னாலோ பின்னாலோதான் வரிசையில் நிற்கிறார். பங்குனிப் பொங்கல் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்குகிறவரும் அவர்தான். அந்தச் சோற்றை நானும் சாப்பிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

ஓய்வூதியக் காரியமாக நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இப்போது குத்தகைக்கெல்லாம் கம்ப்யூட்டரில் டெண்டர் போடுகிறார்கள். ஏலம் கூற ஆள் தேவையில்லை. அங்கே வேலை பார்க்கிற ஒருவர், "நீங்க தெருவுல நின்னு ஏலம் விட்டீகளாமே, என்னத்துக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன கதையில் நான் அழுதேன், ஒரு அம்மாளுக்குச் சாமி வந்தது, மேலாளர் அந்த அம்மாள் காலில் விழுந்தார். இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கும்போது அண்ணாச்சியிடமே கேட்டேன். "எழுதுங்க அண்ணாச்சி, நான் என்ன கொலையா பண்ணினேன்? பேரை மட்டும் மாத்திப் போட்ருங்க" என்றார். மாற்றிவிட்டேன். மற்றவர்கள் பேரையும் மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பேர் வேண்டாம்.

எனக்குப் படிப்பு எட்டாவது வரை. அப்பா நகராட்சிக் குழாய்ப் பிரிவில் வேலையில் இருக்கும்போதே காலமானதால் எனக்கு வேலை கிடைத்தது. தெருக்குழாய் திறந்துவிடுவது, நோட்டீஸ் ஒட்டுவது, கோப்பு தூக்குவது என்று வருஷங்கள் போய், இரண்டாயிரத்துக்குப் பிறகு டபேதார் ஆனேன். வெள்ளை உடுப்பு, தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. ஆணையர் அறைக்கு முன்னால் நிற்பதும் ஏல நாளில் ஏலம் கூறுவதும் என் வேலை. குரலுக்காகத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். சீனியாரிட்டிக்குக் கொடுத்தார்கள்.

தினச்சந்தை வசூல், சைக்கிள் ஸ்டாண்டு, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடம் இவையெல்லாம் ஊருக்குச் சொந்தம். நடத்துவது தனி ஆள். வருஷத்துக்கு ஒரு முறை ஏலம் விட்டு, கூடுதலாகக் கேட்டவருக்குக் குத்தகைக்குக் கொடுப்போம். சட்டப்படி யார் வேண்டுமானாலும் டெபாசிட் கட்டிவிட்டுக் கேட்கலாம். வழக்கப்படி செல்வராசு அண்ணாச்சியும் அவருடைய கூட்டாளிகளும் கேட்பார்கள். ஏலத்துக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கோயிலில் கூடி, எதை யார் எடுப்பது என்று பேசி முடித்து, சூடம் ஏற்றி அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். விட்டுக்கொடுத்தவர்களுக்கு எடுத்தவர் ஒரு பங்கு கொடுத்துவிடுவார். ஊரில் தெரியாதவர் இல்லை. அம்மன் எத்தனையோ சத்தியத்துக்குச் சாட்சி. நகராட்சிக் கழிப்பிடத்துக்கும் அவள்தான் சாட்சி.

மறுநாள் ஏலம் சீக்கிரம் முடிந்துவிடும். அண்ணாச்சி அரசு குறித்த விலைக்குமேல் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். நான் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று ஒரே மூச்சில் சொல்லுவேன். எனக்கு முந்தின டபேதாரும் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நடுவில் யாராவது தும்மினால்கூடத் தும்மி முடிப்பதற்குள் குத்தகை போய்விடும்.

பிறகு சங்கரலிங்கம் சார் மேலாளராக வந்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், குரலே எழாது. பேனா மூடியைக் கழற்றுவார், யோசிப்பார், எழுதாமல் மறுபடி மூடிவிடுவார். அவர் மூடியைக் கழற்றிவிட்டாரே என்று நம்பி எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை. ஆணையருக்கு இரண்டு ஊர்ப் பொறுப்பு இருந்ததால் ஏலத்தை நடத்தும் வேலை இவரிடம் வந்தது. முதல் ஏலத்தை உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"கருப்பசாமி, இப்ப நீங்க சொன்னது ஏலமா, மந்திரமா?"

"வழக்கம் சார்."

"டெபாசிட் கட்டின எல்லாருக்கும் கேட்டிருக்குமா?"

"உள்ள இருந்தவுகளுக்குக் கேட்டிருக்கும் சார்."

"உள்ள வர முடியாதவுக?"

சார் பேனா மூடியைக் கழற்றி, இந்த முறை எழுதினார். அடுத்த ஏலத்திலிருந்து முதல் தரம் கூட்ட அறையில் சொல்ல வேண்டும். இரண்டாவது தரம் வெளித் தாழ்வாரத்தில். மூன்றாவது தரம் தெருவாசலில். ஒவ்வொரு இடத்திலும் டெபாசிட் கட்டியவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டும், பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த தரம். "நேரம் குறிச்சா கடிகாரத்தைத் திருகிருவாக. முகத்தைத் திருக முடியாது" என்றார்.

ஏல நாளில் குத்தகைக்காரர்கள் அலுவலகம் முழுவதற்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். அதையும் நிறுத்தினார். அன்றைக்கு அவரவர் டீயை அவரவர் காசில் குடித்தோம். வடை சாப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

ஏலம் நெருங்கும்போது செல்வராசு அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். தட்டில் கோயில் திருநீறு, குங்குமம், பழம், அடியில் ஒரு சரிகை வேட்டி. "தெருவுக்கெல்லாம் எதுக்கு அண்ணாச்சி அலையுதீக, வெயில் காலம். அங்கனயே நின்னு வெரசாச் சொல்லி முடிச்சிருங்க" என்றார். அம்மன் திருநீறை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. திருநீறைப் பூசிக்கொண்டு, வேட்டியைத் தட்டோடு திருப்பிக் கொடுத்தேன். "பழத்தையாவது எடுங்க" என்றார். பழத்தை எடுத்துக்கொண்டேன்.

கழிப்பிடம் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பேருந்து நிலையத்தில் விடிகாலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். சுற்றுப்பட்டிப் பெண்கள் அங்கே வந்து வேன் ஏறுவார்கள். கழிப்பிடத்தில் பெண்கள் பக்கம் எப்போதும் பூட்டியே கிடந்தது. உள்ளே அண்ணாச்சியின் ஆட்கள் காலி சாக்கு அடுக்கியிருந்தார்கள். ஆண்கள் பக்கம் திறந்தால் போதும், வசூல் அதில்தான். பெண்கள் சுவருக்குப் பின்னால் முள்ளுக்குள் போவார்கள். வெளிச்சம் வந்துவிட்டால் அதுவும் முடியாது. அதனால் தண்ணீரே குடிக்காமல் வேன் ஏறுவார்கள். சாயங்காலம் திரும்பி வரும்வரை அப்படித்தான்.

அப்படி வேன் ஏறி வேலைக்குப் போனவர்தான் பேச்சியம்மாள், தாயில்பட்டிக்காரர். கம்பெனியில் நடந்த ஒரு விபத்தில் வலது கை வெந்து விரல்கள் மடங்கிப்போயின. திரி வேலை செய்ய முடியாது. அவரும் அதே போல வேலை விட்டுப்போன சில பெண்களும் சேர்ந்த மகளிர் குழு ஒன்று இருந்தது. அந்தக் குழுவின் பேரில் கழிப்பிடக் குத்தகைக்கு டெபாசிட் கட்ட வந்தார். அண்ணாச்சியின் கூட்டாளி சோலையப்பன் கவுன்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"ஏத்தா, கக்கூஸை எடுத்து என்ன செய்யப் போற, கல்யாண மண்டபம் கட்டவா?"

"பொம்பளைக உள்ள போகப் போறோம்ணே. நீங்க சாக்கை அடுக்கியிருக்கீகளே, அதுக்குத்தானா அது?"

"நட்டமாயிரும்த்தா."

"எங்களுக்கு நட்டமாகும்னு நீங்க எம்புட்டுக் கவலைப்படுதீக. நல்லாயிருங்க."

டெபாசிட் கட்டிய பிறகு என்னிடம் வந்து, ஏலம் எப்படிக் கேட்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். நான் மூன்றாவது தரம் சொல்லி முடிப்பதற்குள் முந்தின தொகைக்குமேல் சத்தமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். "சத்தத்துக்குக் குறைச்சல் இல்லய்யா" என்றார். அதை மறுநாளே நிரூபித்தார்.

ஏல நாளில் அலுவலக வாசலை மோட்டார் சைக்கிள்கள் அடைத்திருந்தன. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் தொடவில்லை, திட்டவில்லை. நகரவும் இல்லை. பேச்சியம்மாளும் அவருடன் வந்த பெண்களும் தெருவில் நின்றார்கள். பந்தோபஸ்துக்கு வந்த காவலர் இருவரும் கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்றார்கள்.

உள்ளே அண்ணாச்சி கழிப்பிடத்துக்கு வழக்கம்போல் கொஞ்சம் கூட்டி, நாற்பத்திரண்டாயிரம் என்றார். கூட்டாளிகள் கூரையைப் பார்த்தார்கள். முதல் தரம் அறையில் சொன்னேன். முகங்களைப் பார்த்தேன். தாழ்வாரத்துக்கு வந்து இரண்டாவது தரம். பிறகு படியிறங்கி வாசலுக்கு வந்து, மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தப்பக்கம் நின்று தொகையைக் கூறினேன். மூன்றாவது தரம் சொல்ல வாயெடுத்தேன்.

"நாப்பத்தி மூணு" என்று தெருவிலிருந்து குரல் வந்தது. வேனில் ஏறுகிற ஆளைக் கூப்பிடுகிற குரல். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

இப்போது என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே போய்ச் சாரிடம் சொன்னேன். "கேட்டது டெபாசிட் கட்டின ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பக் கூறுங்க." நாற்பத்து மூன்று என்று அறையில் கூறினேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே நாற்பத்து நாலு என்றார். நான் மறுபடியும் தாழ்வாரம், படி, வாசல். தெருவிலிருந்து நாற்பத்தைந்து. மறுபடியும் உள்ளே. இப்படியே தொகையைச் சுமந்துகொண்டு உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தேன். உடுப்பு வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியது. மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவன், "பெரியவரே, பாத யாத்திரைக்கு நேந்திருக்கீகளா?" என்றான். அவன்கூட நகரவில்லை.

அண்ணாச்சி எழுந்து, "சார், ரோட்டுல நிக்கிறவுக கேக்கிறதெல்லாம் செல்லாது. ஏலம்னா ஆபீசுக்குள்ளதான்" என்றார்.

சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "அப்படியா. அப்ப ஆபீசை அங்கன கொண்டு போயிருவோம்" என்றார்.

மேசையையும் நாற்காலியையும் நானும் வாட்ச்மேனும் தூக்கினோம். வாசலில் வழி இல்லை. மேசை வருகிறது என்று சொன்னேன். நகராட்சி மேசை கனமான மேசை. காலில் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. பெண்களுக்கு நகராத மோட்டார் சைக்கிள்கள் மேசைக்கு நகர்ந்தன. தெருவில் வேப்பமரத்தடியில் மேசையைப் போட்டோம். சார் வந்து உட்கார்ந்தார். கூட்டாளிகள் வந்து சுற்றி நின்றார்கள். பேச்சியம்மாள் முதல் முறையாக எனக்கு எதிரே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணாச்சியும் பேச்சியம்மாளும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, சோலையப்பன் இடையில் புகுந்து ஐம்பதாயிரம் என்றார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "ஏலே, நேத்து சூடம் அணைச்சல்ல?"

"அணைச்சேன் அண்ணாச்சி. ஆபீசுக்குள்ள உங்களுக்கு மேல கேக்க மாட்டேன்னு அணைச்சேன். ஆத்தா மேல ஆணையா உள்ள நான் வாயே திறக்கல. இது ரோடுல்ல."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளே கேட்டிருந்தால் அம்மன் கண்ணைக் குத்துவாள் என்று மெய்யாகவே நம்புகிற மனிதர் அவர். சத்தியத்தை வார்த்தைக்கு வார்த்தை காப்பாற்றினார். மற்றக் கூட்டாளிகளும் அதை யோசித்துப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. எங்கள் ஊரில் முதல் முறையாக நிஜமான ஏலம் நடந்தது.

தொகை ஏறிக்கொண்டே போனது. பேச்சியம்மாள் இரண்டு முறை கேட்டார். அப்புறம் உடன் வந்த பெண்களைப் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள், முடியாது என்று. கடைசியாக அண்ணாச்சி ஒரு தொகை சொன்னார், அதுவரை அந்தக் கழிப்பிடத்துக்கு யாரும் கேட்டிராத தொகை. சோலையப்பன் கையை விரித்தார். நான் ஒரு தரம் சொன்னேன், முகங்களைப் பார்த்தேன். ரெண்டு தரம் சொன்னேன், பார்த்தேன். பேச்சியம்மாள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். காளியாத்தா, இவுகளுக்கு ஒரு வாக்கு வரட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன். வரவில்லை. மூணு தரம் சொன்னேன்.

போகும்போது என்னிடம் வந்து, "நியாயமாத்தான் கூப்பிட்டீகய்யா. நல்லாக் கேட்டுச்சு" என்றார். என் வேலைக்காலத்தில் அதைவிடக் கனமான பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கூடுதலாகக் கட்டியதை அண்ணாச்சி கூடுதலாகவே வசூலித்தார். ஆண்கள் பக்கம் கட்டணம் ஏறியது. பெண்கள் பக்கம் பூட்டும் சாக்கும் அப்படியே. சார் ஒருநாள் விடிகாலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனார். வேனுக்கு நின்ற பெண்களைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் பார்த்தார். அலுவலகம் வந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு, பெண்கள் பக்கத்தைத் திறக்க வேண்டும், கட்டணத்தைச் சுவரில் எழுத வேண்டும் என்றார்.

"செய்யலாம் சார். ஏலத்துல சொல்லலியே. சொல்லியிருந்தா நான் இம்புட்டுக்குக் கேட்டிருக்க மாட்டேன்லா."

சார் பேனா மூடியைக் கழற்றி, மூடினார். "நீங்க சொல்றது சரி" என்றார்.

அண்ணாச்சி போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார், அவர் சொல்றதைச் சரின்னுட்டீக. பொம்பளைகளை நெனச்சுப் பாருங்க" என்றேன். மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

"நெனச்சுத்தான் பாக்கேன். இன்னைக்கு நல்லதுக்குன்னு ஒரு நிபந்தனையைப் பின்னாடி சேத்தா, நாளைக்கு இன்னொருத்தன் கெட்டதுக்குச் சேப்பான். முன்னாடி சொல்லாம விட்டது நம்ம. ஒரு வருசம் பொறுக்கணும்" என்றார். பொறுக்கப்போவது அவரோ நானோ இல்லை என்று அவருக்கும் தெரியும். அந்த வருஷம் முழுக்க அவர் பேருந்து நிலையம் வழியாக வரவில்லை, சுற்றுவழியில் வந்தார்.

அடுத்த வருஷம் ஏலம் ஆரம்பத்திலேயே தெருவில்தான். டெபாசிட் வாங்குவதற்கு முன்பே நிபந்தனைகளைச் சுவரில் எழுதிவைத்தோம், ஏலத்தன்று நான் உரக்கப் படித்தேன். பெண்கள் பக்கம் விடிவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். எழுதிய கட்டணத்துக்குமேல் வாங்கக் கூடாது. உள்ளே சரக்கு வைக்கக் கூடாது. மீறினால் குத்தகை ரத்து, டெபாசிட் திரும்பக் கிடையாது. படிக்கப் படிக்க, நின்றவர்களில் சிலருக்கு வேறு வேலை ஞாபகம் வந்தது. சோலையப்பன் வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அடுப்புப் பக்கம் போகிறவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணாச்சி போகவில்லை. டெபாசிட் கட்டியிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பேச்சியம்மாள் கேட்டார். முந்தின வருஷம் தன்னால் முடிந்த கடைசித் தொகையைவிடக் குறைவுதான், ஆனால் அரசு விலைக்கு மேல். நான் ஒரு தரம் சொன்னேன். முகங்களைப் பார்த்தேன். ரெண்டு தரம் சொன்னேன்.

அந்த நேரம் என் நாக்கு பழைய வழக்கத்துக்கு ஓடப் பார்த்தது. ஒரே மூச்சில் மூணு தரம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அண்ணாச்சி வாய் திறப்பதற்குள் அந்த அம்மாளுக்குப் போய்விடும். நல்ல காரியந்தானே, அம்மன்கூடக் கோபிக்க மாட்டாள் என்று தோன்றியது. சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவராகப் பார்த்து அண்ணாச்சியிடம் வந்தேன். அவர் கட்டிய கையைப் பிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தொண்டையைச் செருமினார். பேச்சியம்மாள் தன் நல்ல கையால் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அண்ணாச்சி முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி என்னையே பாக்கீக" என்றார் அவர். "நான் கேக்கல. சொல்லி முடிங்க."

மூணு தரம் சொன்னேன்.

பேச்சியம்மாள் மேசைக்கு வந்து இடது கையால் கையெழுத்துப் போட்டார். சார் சொன்னார்: "அடுத்த வருசமும் ஏலம் உண்டும்மா. இந்த நிபந்தனைக்கெல்லாம் ஒத்துக்கிட்டு உங்களுக்கு மேல ஒருத்தர் கேட்டா அவுகளுக்குத்தான்."

"அதான முறை. எனக்குன்னு ஒண்ணும் நீங்க விட்டுத்தர வேண்டாம். கேக்கும்போது காதுல விழட்டும், அது போதும்" என்றார்.

அந்தக் குழு எத்தனை வருஷம் எடுத்தது, எப்போது விட்டது என்பதெல்லாம் தனிக் கதை. ஒரு வருஷம் வேறு ஒருவர் கூடக் கேட்டு எடுத்தார், பெண்கள் பக்கம் திறந்தே இருந்தது. சார் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, காலமாகிவிட்டார். அவர் ஆன்மா அம்மன் நிழலில் இருக்கட்டும்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் பிறரிடம் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அன்றைக்கு யாருக்கும் சாமி வரவில்லை. யாரும் யார் காலிலும் விழவில்லை. மேலாளர் இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அது பேச்சியம்மாளுக்கும் அவமானம், அவருக்கும் அவமானம். அந்த அம்மாள் கேட்டார். மேலே கேட்க எல்லோருக்கும் நேரம் இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் மூணு தரம் சொன்னேன். இந்த வரிசை மாறாமல் சொல்லுங்கள்.